சனமில்லாத வாக்குச்சாவடி

1

இந்த மாகாணத் தேர்தலுக்கும் கதவு தட்டப் போக முடியுமா என்று போன கிழமை நிலையத்திலிருந்து கேட்டார்கள். நிலையம் என்பது ரொறன்ரோவின் பார்க்டேலில் எங்கள் தொடர்மாடிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற, புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற ஒரு சிறிய அலுவலகம். வேலை பெரிய வேலை இல்லை. எந்தக் கட்சிக்காகவும் கதைக்கக்கூடாது. தமிழ்ச்சனம் இருக்கிற வீடுகளுக்குப் போய், தேர்தல் நாளன்று வேலையென்றால் அதற்கு முதலே போய் வாக்களிக்கலாம், இன்ன இடம், இன்ன நேரம் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முதல், தொண்ணூற்றேழில் மத்திய அரசாங்கத் தேர்தல் வந்தபோது இதே வேலையைச் செய்தவள் நான். ஆகவே யோசிக்காமல் ஓம் என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள் தாங்கோ, சொல்லுறன்" என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அது விளங்கியிருக்காது. ஏனென்றால் போன முறை நான்தான் எல்லாரையும்விட அதிகமாக ஓடித்திரிந்தவள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் நாட்டில் தேர்தல் என்றால் ஒரு நாள்தான். விடியவே வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாள். அதற்கு முதலே வாக்குப் போடுவது அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும், அதுவும் தபாலில். இங்கே அப்படியில்லை. தேர்தல் நாளன்று வேலையோ பயணமோ இருக்கிறவர்களுக்கென்று சில நாட்கள் முன்கூட்டியே சாவடியைத் திறந்து வைக்கிறார்கள். இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடுகிற எங்கள் சனத்துக்கு இது எவ்வளவு வசதி என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதாமல் அதை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை.

2

நாங்கள் எண்பத்தேழில் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்தோம். குடியுரிமை கிடைக்க ஏழு வருடம் சென்றது. நீதிபதிக்கு முன்னால் நின்று மகாராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்த அன்று, என் கணவர் சிவநேசன் வாயை மட்டும் அசைத்தார், சத்தம் வரவில்லை. ஆங்கிலம் வராததால் என்று அப்போது நினைத்தேன்.

தொண்ணூற்றேழு மே மாதம் நிலையத்துக்காகக் கதவு தட்டத் தொடங்கினேன். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் தமிழ் வீடுகள் எவையென்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மிளகாய்த்தூள் வறுக்கிற வாசம் போதும். கதவைத் திறக்க வைப்பதுதான் கஷ்டம். யாராவது தட்டினால் எங்கள் ஆட்கள் முதலில் உள்ளே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். பிறகு கதவிலிருக்கிற சின்னப் பார்வைக் கண்ணாடியில் ஒரு நிழல் விழும். "நான்தான், ஒன்பதாம் மாடி ராணி" என்று தமிழில் சொன்னால்தான் சங்கிலி கழலும்.

நிலையத்தில் தந்த தாளில் இதற்குத் தமிழில் ஒரு நீண்ட பெயர் போட்டிருந்தார்கள். அது யாருக்கும் வாயில் நுழையவில்லை. எல்லாரும் சொல்கிற மாதிரி "அட்வான்ஸ் வோட்டு" என்று சொல்லிப் பார்த்தேன். பதினோராம் மாடியில் இருந்த ஒரு பெண், மரக்கறி வெட்டுகிற தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்ட் வேலை செய்கிறவ, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டா:

"அட்வான்ஸ் எவ்வளவு குடுக்கவேணும் அக்கா? இப்பதான் வீட்டுக்காரனுக்குக் கடைசி மாசத்து வாடகையும் சேத்துக் குடுத்தனாங்கள்."

ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லி விளங்கவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இன்னொரு வீட்டில், உங்கள் ரைடிங் எதுவென்று தெரியுமா என்று நான் கேட்க, அந்த வீட்டு ஐயா, "ரைட் ஒண்டும் வேண்டாம் பிள்ளை, பஸ்ஸிலையே போவம்" என்றார். தொகுதிக்கு இங்கே அதுதான் பெயர் என்று எனக்கே இரண்டு கிழமைக்கு முதல்தான் தெரியும்.

சிரிக்க இருந்தது அவ்வளவுதான். மற்றபடி கதவுகளுக்குப் பின்னால் இருந்தது பயம். "பேரைப் பதிவினமோ?" என்று கேட்டார்கள். "ஆருக்குப் போட்டதெண்டு கண்டுபிடிப்பினமோ?" என்று கேட்டார்கள். ஊரில் இருக்கிற அம்மாவைக் கூப்பிடப் போட்டிருக்கிற விண்ணப்பத்துக்கு இதனால் ஏதும் வருமோ என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் வராது, இது இந்த நாடு, இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் குரல் பலத்தது. நான் சொல்வது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

3

வீட்டில்தான் எடுபடவில்லை.

இவர் காலையில் ஆறு மணிக்குக் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலைக்குப் போவார். பின்னேரம் அங்கிருந்து அப்படியே ஒரு உணவகத்துக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். தேர்தல் திங்கட்கிழமை. சாவடி திறந்திருக்கிற நேரம் முழுவதும் இவர் வேலையில் நிற்பார். சனிக்கிழமை தொழிற்சாலை இல்லை, உணவகத்துக்குப் பின்னேரம் போனால் போதும். ஆகவே தேர்தலுக்கு ஒன்பது நாள் முந்தி, சனிக்கிழமை மத்தியானம் முன்கூட்டியே போய்ப் போடுவதுதான் வழி.

"நான் திங்கக்கிழமை போடுவன்" என்றார்.

"எப்பிடி? வேலையெல்லோ."

"பாப்பம்."

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊருக்கெல்லாம் சொல்லுறன், என்ரை வீட்டு மனுசன் போடேல்லையெண்டால் சனம் சிரிக்காதே?"

"சிரிக்கட்டும்" என்றார். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. பாதி தெரியும். இவருடைய மூத்த தமையன் குணரத்தினம் எங்கள் ஊரான உடுவிலில் வாத்தியாராக இருந்தவர். நாங்கள் பெரியண்ணை என்போம். எண்பதுகளில் ஒரு தேர்தல் நேரம், வாக்குப் போடவேண்டாம் என்று சுவர்களில் எழுதியிருந்த காலம், அவர் தபால் வாக்குப் போட்டார். அந்தக் கிழமையே இரண்டு பேர் வந்து வாசல் படலையடியில் கூப்பிட்டார்கள். போனவரை அடுத்த நாள் குளத்தடியில்தான் கண்டார்கள். எனக்கும் இவருக்கும் அப்போது கலியாணமாகிச் சில வருடம், அந்தக் கிழமை நான் பிள்ளையோடு தாய்வீட்டில் இருந்தேன். அதன்பிறகு அந்த வீட்டுச் சுவரில் அவர் படமாகத்தான் இருந்தார். அதைப்பற்றி யாரும் கதைப்பதில்லை. எங்கள் மகள் மதுராவுக்குப் பெரியப்பா பஸ் விபத்தில் செத்தார் என்றுதான் சொல்லியிருந்தோம். சின்னப்பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது? பிறகு அவள் பெரிய பிள்ளையானபோது, மாற்றிச் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை.

மதுராவுக்கு அந்த வருடம்தான் பதினெட்டு. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுமாக ஒரு ஏற்பாடு எப்படியோ உருவாகிவிட்டது. தகப்பனோடு அதுவும் குறைவு. ஒரே வீட்டில் இருந்தாலும் அவர் வரும்போது அவள் நித்திரை, அவள் எழும்பும்போது அவர் வேலையில்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். நான் சேலை மாற்றிக்கொண்டு நின்றேன். மதுரா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அப்பா வரேல்லையா?"

"அப்பா திங்கக்கிழமை போடுவாராம்."

"திங்கள் ஹி வர்க்ஸ் ஆல் டே." தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ வோட். அஞ்சு நிமிஷம். வாட்ஸ் த பிக் டீல்?"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்தார். மகள் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது எழுதவும் கஷ்டமாக இருக்கிறது.

4

சாவடி ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் இருந்தது. நான் சொல்லி வந்த ஆட்கள் மத்தியானம் திறந்தவுடனேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் போன நேரம் ஒருவரும் இல்லை. பெரிய மண்டபம், மடித்து அடுக்கிய கதிரைகள், நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவரும் அவருக்கு உதவியாக ஒரு பெண்ணும். சற்றுத் தள்ளி, வேட்பாளர் ஒருவரின் முகவராக, சட்டையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு ஒரு தமிழர் இருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். முன்பின் கண்டதில்லை. கையில் அடிமட்டமும் பென்சிலும். யார் வந்து வாக்களிக்கிறார்கள் என்று தன்னிடமிருந்த தாளில் கோடு கீறுவது அவர் வேலை. இங்கே எல்லாக் கட்சிக்காரரும் செய்கிற வேலைதான் அது. போடாதவர்களைப் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு நினைவூட்டுவதற்கு.

மூன்று பேரும் படியிறங்கி உள்ளே வந்தபோது அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரும் எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். வேறு பார்க்க ஆள் இல்லை.

மதுரா முதலில் போட்டாள். பிறகு நான். இவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

பெயரையும் விலாசத்தையும் சத்தமாகச் சொல்லும்படி அந்த அம்மா கேட்டா. இவர் சொன்னார். அவவுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். அவ தாளைப் பார்த்து அதை மூன்று துண்டாக்கி வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தா. பக்கத்திலிருந்த பெண் பெயரை எழுதத் தொடங்கினா, எழுத்துக்கள் சரியா என்று கேட்டா. அப்போது அந்தத் தமிழர் உதவி செய்ய நினைத்து எழும்பி வந்தார்.

"சிவநேசன்" என்றார் தெளிவாக. வெறும் மண்டபத்தில் அந்தப் பெயர் சுவரில் பட்டு எதிரொலித்தது. ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார். தன்னுடைய தாளில் அடிமட்டத்தை வைத்துக் கோடும் கீறினார். பிறகு இவர் பக்கம் திரும்பி, சினேகமாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணை ஊரிலை எவடம்?"

ரொறன்ரோவில் தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வருகிற கேள்வி அது. கடையில், கோயிலில், செத்தவீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கேட்டிருப்போம், பதில் சொல்லியிருப்போம். இவர் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அந்த அம்மா மடித்த வாக்குச்சீட்டை நீட்டிக்கொண்டிருந்தா. அதை வாங்காமல் திரும்பி நடந்தார். ஓடவில்லை. ஓடுகிற மனிதனைப் போல மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்று கவனமாக நடக்கிற நடை அது. படியேறி வெளியே போய்விட்டார்.

"ஏதும் பிழையாக் கேட்டுட்டனோ அக்கா?" என்றார் அந்தத் தமிழர்.

"இல்லை, இவருக்குத் தலைச்சுத்து" என்று சொல்லிவிட்டு நானும் மதுராவும் பின்னால் ஓடினோம்.

5

வீட்டுப் பக்கம் போகாமல் ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நெடுஞ்சாலைக்கு மேலால் போகிற நடைபாலத்தைத் தாண்டித்தான் அவரைப் பிடித்தோம். தண்ணீருக்கு முன்னால் ஒரு வாங்கில் இருந்தார். மே மாதம் முடிகிற காலம், ஆனால் ஏரியிலிருந்து வந்த காற்றுக் குளிர்ந்தது. 

"அப்பா, வாட் ஹாப்பெண்ட்?" என்று மதுரா கேட்டாள்.  அவள் திரும்பவும் தமிழில் கேட்டாள். "அப்பா, என்ன நடந்தது?"

அவர் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"உன்ரை பெரியப்பா பஸ்ஸிலை அடிபட்டுச் சாகேல்லை பிள்ளை. அவர் வாத்தியார். எலெக்சன் வேலைக்குப் போற வாத்திமாரை முதலே போட விடுவினம். அரசாங்கக் கந்தோரிலை ஒரு அறை ஒதுக்கியிருப்பினம், அதிலை வைச்சுப் போட்டுத்தான் தபாலிலை அனுப்புறது. அந்த முறை போடவேண்டாமெண்டு எல்லா இடமும் எழுதியிருந்தது. அண்ணை சொன்னார், நான் பெட்டிக்குக் காவல் இருக்கப் போறவன், நானே போடாமல் மற்றவையை எப்பிடிப் போடச் சொல்லுறதெண்டு. அண்டைக்கு அவரின்ரை சைக்கிள் காத்துப் போச்சுது. நான்தான் ஏத்திக்கொண்டு போனனான்."

இவ்வளவும் எனக்குத் தெரியும். இதற்குப் பிறகு சொன்னது தெரியாது.

"எலெக்சன் நாளெண்டால் சனத்தோடை சனமாப் போய் வரலாம். ஆர் போனது, ஆர் வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இது அப்பிடியில்லை. கந்தோர் வாசல்லை ஒரு குருவி இல்லை. உள்ளை போறவன் ஒவ்வொருத்தனும் தனியத் தெரிவான். நான் வெளியிலை சைக்கிளோடை நிண்டனான். ரோட்டுக்கு அங்காலை தேத்தண்ணிக்கடை. அதிலை ரெண்டு பேர் இருந்தவை. ஒருத்தன் வந்து நெருப்புப்பெட்டி கேட்டான். நல்ல மரியாதையாத்தான் கேட்டான். பிறகு, தம்பி ஊரிலை எவடமெண்டு கேட்டான். நான் சொன்னனான். வாத்தியாரின்ரை தம்பியெண்டும் சொன்னனான். வீடு கோயிலுக்குப் பின்னாலை, மதிலிலை நீலப் பூச்சு எண்டும் சொன்னனான். அவன் கேக்கவும் இல்லை, நானாத்தான் சொன்னனான்."



"அவங்கள்தான் வந்தவங்களோ?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் தெரியாது. வந்தவையை நான் காணேல்லை. அவனாயும் இருக்கலாம். அவன் சும்மா நெருப்புப்பெட்டிக்கு வந்தவனாயும் இருக்கலாம். எனக்கு இண்டைக்கும் தெரியாது."

இருபது வருடத்துக்குக் கிட்ட அவரோடு வாழ்ந்திருக்கிறேன். யாரோடும் ஊர்க்கதை கதைக்காமல், கோயிலுக்கு வந்தாலும் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நிற்கிற மனிதர் என்று நினைத்திருந்தேன். கூச்சம் என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

மதுரா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஸோ எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் பொய்" என்றாள் என்னைப் பார்த்து. "நான் ஸ்கூல்லை ஃபமிலி ஹிஸ்டரி செய்தனான். பஸ் அக்சிடென்ட் எண்டு எழுதினனான். நீங்கள் அதைப் பாத்தீங்கள், அம்மா. யூ ஜஸ்ட் லெட் மீ."

 அவள் எழும்பித் தனியாக நடந்து போனாள். அதன்பிறகு ஒரு கிழமைக்கு மேல் எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை.

6

அடுத்த நாள் ஞாயிறு. மரக்கறி வாங்கத் தமிழ்க்கடைக்குப் போனேன். கறிவேப்பிலைக்குக் கை நீட்டினால் மறுபக்கத்தில் அதே மனிதர் நிற்கிறார். அடையாள அட்டை இல்லாமல், பழைய ஸ்வெட்டரோடு, கையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு.

"அக்கா, அண்ணைக்கு இப்ப எப்பிடி?" என்றார். உண்மையான கவலை முகத்தில் இருந்தது. "நான் ராத்திரி முழுக்க யோசிச்சனான். ஏதும் மனம் நோகப் பண்ணிப்போட்டனோ எண்டு."

"இல்லை தம்பி, இப்ப சுகம்."

"சும்மாதான் கேட்டனான் அக்கா. நான் இணுவில். இஞ்சை வந்து மூண்டு வருசமாகுது, எங்கடை பக்கத்து ஆக்களை ஒருத்தரையும் காணக் கிடைக்குதில்லை. எல்லாரும் வேறை வேறை இடம். அண்ணையின்ரை முகத்தைப் பாக்க எங்கடை பக்கம் மாதிரி இருந்துது. நீங்கள் எவடம்?"

இணுவிலும் உடுவிலும் பக்கத்துப் பக்கத்து ஊர். நடந்தே போகலாம். அந்த மனிதர் அதைக் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு வாயில் வந்தது வேறு.

"நாங்கள் கோப்பாய்" என்றேன்.

"ஓ" என்றார். முகம் சற்று வாடியது. "அப்ப அது அங்காலை." பிறகு முருங்கைக்காயோடு காசு கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை கதவுகளில் நின்று பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னவள் நான். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடி யோசனைகூடத் தேவைப்படவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, எனக்குத் தமையன் யாரும் சாகவுமில்லை. முதல் நாள் ஏரிக்கரையில் கேட்ட கதையே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், "இனி நான் கேக்கேல்லை. உங்களுக்கு மனமில்லாட்டில் விடுங்கோ." கடையில் நடந்ததைச் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து, தேர்தல் திங்கட்கிழமை பின்னேரம் நான் சமைத்துக்கொண்டு நிற்கிறேன், கதவு திறக்கிறது. உணவகத்தில் நிற்கவேண்டிய மனிதர் வந்து நிற்கிறார். சமையல் தலைவரிடம் தானே கேட்டாராம், இரண்டு மணித்தியாலம் பிந்தி வருகிறேன் என்று. பத்து வருடத்தில் எந்த வேலைத்தலத்திலும் அவர் எதையும் கேட்டதில்லை.

"சனம் நிக்குதோ?" என்றார்.

"கீழை போய்ப் பாத்தனான். நல்ல சனம்."

"அப்ப வாரும், போவம்."

அந்தச் சாவடி எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில், துணி தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில் இருந்தது. வரிசை மின்தூக்கி வரை வந்திருந்தது. தமிழர், பிலிப்பினோக்காரர், திபெத்துக்காரர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார். இவர் நடுவில் போய் நின்றார். தோள் கொஞ்சம் இறங்கியதைக் கண்டேன். எங்களுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்க, திரும்பிப் பார்த்தால் மதுரா. தான் வேலை செய்கிற டோனட் கடையின் தொப்பியோடேயே வந்திருந்தாள்.  தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

மேசைக்குப் போனதும் அங்கிருந்தவர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நீங்கள் ஏற்கனவே வாக்களித்துவிட்டீர்கள் ஐயா, முன்கூட்டிய சாவடியில், என்றார். அன்றைக்கு எழுதிய பெயரை யாரும் வெட்டவில்லை. நானும் அதை நினைக்கவில்லை. இல்லை, போடவில்லை, போன இடத்தில் சுகமில்லாமல் திரும்பிவிட்டார் என்று நான் விளக்கினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் ஒரு புத்தகத்தைப் பார்த்தார்கள். தொலைபேசி எடுத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில், வாக்களிக்கலாம், ஆனால் தான் இதற்கு முதல் வாக்களிக்கவில்லை என்று இவர் இதிலேயே நின்று சத்தியம் செய்யவேண்டும் என்றார்கள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். இவர் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தார். பதினோராம் மாடிப் பெண் நின்றா. நான் கதவு தட்டிய பாதிப்பேர் நின்றார்கள். எல்லாக் கண்ணும் இவர் மேல்.

மதுரா அவருடைய கையைத் தொட்டாள். "அப்பா, வேண்டாமெண்டால் போவம். இட்ஸ் ஓகே."

"நில்லு" என்றார்.

வலது கையை உயர்த்தினார். அந்த அதிகாரி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். தன் முழுப்பெயரைச் சொன்னார். சொற்கள் உடைந்தன, ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் இந்த முறை சத்தம் வந்தது. மின்தூக்கியடியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். நெடுநேரம் அங்கே நின்றார் என்று எனக்குத் தோன்றியது.

வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தெருவில் ஓடுகிற ட்ராமுக்கு நடந்தார்.

7

இதைக் கேட்கிறவர்கள், அத்தோடு பயம் போய்விட்டதா என்று கேட்பார்கள். போகவில்லை. அந்தக் கோடை முழுவதும் இவர் வழக்கமான தரிப்பிடத்தில் ஏறாமல் ஒன்று தள்ளிப்போய் ஏறினார். கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். மதுராவோடு ஊரைப்பற்றிக் கொஞ்சம் கதைக்கத் தொடங்கினார், அது உண்மை. அவள் பெரியண்ணையைப்பற்றிக் கேட்பாள்: என்ன பாடம் படிப்பித்தவர், பாடுவாரா, கோபக்காரரா. சிலநாள் சொல்வார், சிலநாள் எழும்பிப் போய்விடுவார். எனக்கு அவள் தந்த மன்னிப்பு அவ்வளவு முழுமையானதில்லை என்று நினைக்கிறேன். ஏதாவது சொன்னால், இது உண்மையா அம்மா என்று ஒரு சிரிப்போடு கேட்பாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சிரிப்பாக இல்லை.

அந்த இணுவில் மனிதரை நான் பிறகு காணவில்லை. நகரத்தின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டாராம் என்று யாரோ சொன்னார்கள். கண்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

முந்தநாள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று முதல் கட்டடத்துக்குப் போயும் வந்தேன். முன்கூட்டியே போடலாம் என்று இந்த முறையும் சொல்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்வதில்லை. தனியப் போகப் பயமென்றால் சொல்லுங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து போவோம், நானும் வருகிறேன் என்கிறேன். அதைச் சொல்லும்போது சில முகங்களில் ஏதோ இளகுவது தெரிகிறது. முதல் முறை அதை நான் கவனிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மதுரா இப்போது வாட்டர்லூவில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். இந்த ஞாயிறு எடுத்தபோது, தான் அங்கேயே முன்கூட்டிய வாக்களிப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"டோட்டலி எம்ப்டி, அம்மா. நான் மட்டும்தான். ரெண்டு நிமிஷம், முடிஞ்சுது."

இவர் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார். தொலைபேசியைக் கொடுத்தேன். நலம் விசாரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு குரலை மாற்றாமல், வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டார்:

"வோட்டுப் போட்ட இடத்திலை வேறை ஆக்களும் நிண்டவையோ, நீ தனியவோ?"

தொலைபேசிக்குக் கிட்டவே நின்றேன்.  என் மகள் ஆங்கிலம் ஒரு சொல்லும் கலக்காமல் சொன்னது எனக்கும் கேட்டது.

"நிறையச் சனம் அப்பா. நான் சனத்தோடை சனமாத்தான் நிண்டனான்."